கேலைப் பிடுங்காதே

அன்புள்ள பிள்ளைக்கு,

பின்வளவில் நிற்கிற கேல் கீரை ஒரே கசப்பு, பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் உள்ளி ஊன்றப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். பிடுங்காதே. உள்ளிக்கு வேறு பாத்தி பார்.

ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் முற்றிய இலை கசக்கத்தான் செய்யும். அது கோவா குடும்பத்துச் செடி, குளிர்தான் அதற்குச் சுகம். உறைபனி விழத் தொடங்கினால், உள்ளே இருக்கிற நீர் உறைந்துவிடாமல் இருக்க, செடி தன் இலைகளில் சீனியைச் சேர்த்துக்கொள்ளும். உங்கள் ஒட்டாவாவில் உறைபனி எங்கள் ஸ்காபரோவை விட முந்தியே வந்துவிடும். இரண்டு மூன்று தரம் விழட்டும், அதன் பிறகு ஒரு இலையை வாயில் போட்டுப் பார். இங்கே டிசம்பரிலும் பனியைத் தட்டிவிட்டு நான் ஆய்வதுண்டு. விறைத்துப்போன இலையை மட்டும் தொடாதே, வெயில் பட்டு இளகட்டும்.

ஆயும்போது அடியில் இருக்கிற வெளி இலைகளைத்தான் எடுக்க வேண்டும். காம்பைக் கீழ்நோக்கி வளைத்தால் தானாக முறியும். நடுக்குருத்தையும் அதைச் சுற்றி நாலைந்து இலையையும் விட்டுவிடு. நீ படத்தில் காட்டியதுபோல மொட்டையாக வெட்டினால் செடி எதை வைத்துத் தளிர்க்கும்?

இலைகளில் இருக்கிற ஓட்டைகள் வெள்ளை வண்ணாத்திப்பூச்சியின் வேலை. இலையின் அடிப்பக்கம் திருப்பிப் பார்த்தால் மஞ்சள் முட்டையோ, இலையின் நிறத்திலேயே ஒட்டிக்கிடக்கும் பச்சைப் புழுவோ இருக்கும். கையால் நசுக்கு, அருவருப்புப் பார்க்காதே. வருகிற வருசம் ஏப்ரல் கடைசியில் விதை போட்டு, கன்றுகளுக்கு ஒன்றரை அடி இடைவெளி விட்டு, நட்ட அன்றே வலை போட்டுவிடு. ஜூலைக் கடைசியில் இன்னும் கொஞ்சம் விதை போட்டால் குளிருக்கென்று இளஞ்செடி கிடைக்கும். இப்போது நிற்பவை பனிக்குத் தப்பினால் இளவேனிலில் மஞ்சளாகப் பூக்கும். அந்த மொட்டுகளையும் வதக்கிச் சாப்பிடலாம்.

சமையலைப் பற்றிக் கேட்டாயே. இங்கே கடைகளில் ஸ்மூத்தி என்று அடித்துக் குடிக்கிறார்கள், எனக்கு அது தொண்டையில் இறங்காது. உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் புழுக்கள் மேலே வரும். பிறகு நடுத்தண்டை நீக்கி, முருங்கையிலை வறைக்கு அரிவதைவிடக் குறுணியாக அரி. வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சளோடு வதக்கி, தேங்காய்ப்பூ போட்டுப் பிரட்டி இறக்கு. தேசிக்காய்ப் புளியை அடுப்பு அணைத்த பிறகுதான் விட வேண்டும்.

அப்பா இரத்தம் கட்டியாகாமல் இருக்க வார்ஃபரின் என்ற மருந்து எடுக்கிறார் தெரியும்தானே. கேலில் விற்றமின் கே அதிகம், அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். ஒருநாள் குவியலாக, அடுத்த கிழமை ஒன்றுமே இல்லை என்றால் சரிவராது. ஒரே அளவாகச் சாப்பிடச் சொல்லி வைத்தியர் சொன்னதால் நான் அகப்பைக் கணக்கில்தான் போடுகிறேன். அப்பாவுக்குத்தான் கோபம்.

தாங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு நாங்கள் வருகிறோம். பழைய வலை ஒன்று இருக்கிறது, கொண்டுவருகிறேன், காசு கொடுத்து வாங்காதே.

அம்மா