ஒரு டேங்க் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்பத்துக்கு ஏற்ற எஸ்யூவிகள் பற்றிய கட்டுரையில், கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினோடு பேட்டரி மோட்டாரும் உள்ள வண்டி) ஒரு டேங்க் பெட்ரோலில் 1,258 கி.மீ. ஓடும் என்று போட்டிருந்தீர்கள். 45 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 27.97 கி.மீ. பெருக்கினால் சரியாகத்தான் வருகிறது. அதை நம்பி யாராவது குழந்தைகளோடு ஊருக்குக் கிளம்பிவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

அந்த 27.97 சோதனைக்கூடத்தில் உருளைகள் மேல் வண்டியை ஓட்டி எடுத்தது. மொத்தம் இருபது நிமிடம்கூட ஓடாது. உச்ச வேகமே 90தான். ஏசி கிடையாது. எந்த வண்டி சிக்கனம் என்று ஒப்பிட அந்த எண் போதும்; டேங்கோடு பெருக்கக் கூடாது.

எங்களுடையது டீசல் எஸ்யூவி, 50 லிட்டர் டேங்க். போன மே மாதம் தாம்பரத்தில் ஃபுல் டேங்க் அடித்து, பம்ப் தானாக நின்றதும் போதும் என்று சொல்லி, திருநெல்வேலிக்குக் கிளம்பினோம். உள்ளே ஐந்து பேர், மேலே கேரியரில் தார்ப்பாய் போட்டுக் கட்டிய நாலு பெட்டி. சாலை நன்றாக இருக்கிறதே என்று நானும் 105, 110 என விரட்டினேன். கயத்தாறு தாண்டும்போது மஞ்சள் விளக்கு எரிந்தது. இன்னும் 70 கி.மீ. போகலாம் என்று காட்டிய திரை, கொஞ்ச தூரத்திலேயே 45க்கு இறங்கிவிட்டது. பின் சீட்டிலிருந்து மாமியார், "ஏசிய அமத்திரும்மா, அதுவாவது மிஞ்சட்டும்" என்றார். அணைத்தேன். டீசல் வண்டி வறண்டு நின்றால் லைனில் காற்று புகுந்துவிடும்; கேனில் வாங்கி ஊற்றினாலும் பல வண்டிகள் உடனே ஸ்டார்ட் ஆகாது. அந்தப் பயம் எனக்கு.

நெல்லையில் மறுபடி ஃபுல் செய்தபோது 605 கி.மீ.க்கு 44 லிட்டர் பிடித்தது. லிட்டருக்கு 14கூட இல்லை!

திரும்பும்போது கேரியரைக் கழற்றி ஊரிலேயே போட்டுவிட்டு, 80, 85ஐத் தாண்டாமல் வந்தேன். அதே தூரத்துக்கு 33 லிட்டர். மாமனாரும் மாமியாரும் ஊரில் தங்கிவிட்டார்கள், அந்தச் சுமை குறைந்ததையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பெரிய வித்தியாசம் காற்றால் வந்தது. வேகம் 80லிருந்து 110 ஆனால் காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. கூடுதலாக ஆனது ஒன்றரை மணி நேரம். அதிலும் அரை மணி விக்கிரவாண்டியில் காபிக்குப் போனது.

ஹைப்ரிட்டைக் குறை சொல்லவில்லை. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை பேட்டரியில் சேர்த்துக்கொள்வதால் தி.நகர் நெரிசலில் அது நன்றாக மிச்சம் பிடிக்கும். உளுந்தூர்பேட்டை நாலுவழிச் சாலையில் பிரேக்கே தொடாமல் போகும்போது எதைச் சேர்க்கும்? அப்புறம், இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதையும் கணக்கில் கழிக்க வேண்டும்.

அடுத்த முறை ஐந்து பேரையும் பெட்டிகளையும் ஏற்றி, ஏசி போட்டு, 80இல் ஒரு தடவை, 100இல் ஒரு தடவை ஓட்டிப் பார்த்து எழுதுங்கள். வேண்டுமானால் எங்கள் வண்டியைத் தருகிறேன். டீசல் மட்டும் நீங்கள் போட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி, தாம்பரம்