பயிற்சித் திடலுக்கும் விதி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து (பந்தைக் கையிலேந்தி ஓடுபவரை மோதி வீழ்த்தும் அமெரிக்க பாணி ஆட்டம்) பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரை, எதிராளியின் தலையைக் குறிவைத்து மோதுபவரை ஆட்டத்திலிருந்தே வெளியேற்றும் 2013ஆம் ஆண்டு விதியைப் பெரிதும் பாராட்டியிருந்தது. பாராட்டு தகும். ஆனால், சனிக்கிழமைகளில் நடக்கும் போட்டி ஆட்டத்தோடு கட்டுரை நின்றுவிட்டது எனக்குப் பெருங்குறையாகப் பட்டது.

விதியை மாற்றினால் பலன் உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆட்டத் தொடக்க உதையையே எடுத்துக்கொள்ளலாம். உதைத்த அணியினர் பத்துப் பேர் முழு வேகத்தில் ஓடிவந்து, பந்தைப் பிடித்தவன் மேல் பாயும் நேரம் அது. 2016இல், பழம்பெரும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான ஐவி லீக்கின் எட்டுப் பல்கலைக்கழகங்கள் உதைக்கும் கோட்டை வெறும் ஐந்து கஜம் முன்னே தள்ளின. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி விழுவது கூடியது. அப்படி விழுந்தால் ஆட்டம் அங்கேயே நிறுத்தப்படலாம் என்பதால், ஓடிவந்து மோதும் தேவை குறைந்தது. ஆயிரம் உதைகளுக்கு ஏறக்குறைய 11 என்றிருந்த மூளை அதிர்ச்சி 2ஆக இறங்கியது.

எனினும், ஆறு பல்கலைக்கழக அணிகளை ஐந்து பருவங்கள் கவனித்து 2021இல் வெளியான மருத்துவ ஆய்வு, மூளை அதிர்ச்சிகளில் பத்துக்கு ஏழு பயிற்சியின்போதே நேர்ந்தன என்கிறது. அங்கே கூட்டமும் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை. ஐவி லீக்கைச் சேர்ந்த டார்ட்மத் கல்லூரியின் பயிற்சியாளர் பட்டி டீவன்ஸ் 2010இலேயே தம் வீரர்கள் பயிற்சியில் ஒருவரையொருவர் வீழ்த்துவதை அடியோடு நிறுத்தி, பொம்மைகள் மீது பழக்கினார். அணி சோடைபோகும் என்றவர்கள் உண்டு. அதே அணி 2015இல் ஐவி லீக் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. மறு ஆண்டு அந்த லீக் முழுவதுமே, பருவ காலப் பயிற்சியில் வீழ்த்துவதைத் தடை செய்தது. தேசிய அமைப்பான என்சிஏஏ 2021இல் பருவத்திற்கு முந்தைய முழுக்கவசப் பயிற்சி நாட்களை ஒன்பதாகக் குறைத்தது; ஆனால் வீழ்த்துவதைத் தடை செய்யவில்லை.

வெயிலையும் சொல்ல வேண்டும். கல்லூரி நகரொன்றில் குடியிருக்கும் நான், ஆகஸ்ட் மாதத்தில் பயிற்சித் திடலோரம் நடந்துபோவதுண்டு. தோள்கவசத்தின் விளிம்பில் வியர்வை சொட்டச் சொட்ட ஓடும் பிள்ளைகளைக் காணும்போதெல்லாம், பனிக்கட்டி நீர் நிரப்பிய தொட்டி இருக்கிறதா என்றுதான் என் கண் முதலில் தேடும். 2018இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் 19 வயது வீரர் ஓட்டப் பயிற்சியில் வெப்பத்தாக்கு நோய்க்கு ஆளானபோது, அப்படியொரு தொட்டியில் அவரை உடனே அமிழ்த்தவில்லை. இரண்டு வாரத்தில் அவர் இறந்தார். பல்கலைக்கழகமே பின்னர் பொறுப்பை ஒப்புக்கொண்டது.

எனவே, ஐவி லீக்கின் பயிற்சி விதியை என்சிஏஏ எல்லா அணிகளுக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. இது பற்றியும் தாங்கள் விரிவான கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்