சிறுநீரகம் செயலிழந்தோருக்கு மயக்க மருந்து: மலையகச் சுகாதாரப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மத்திய, ஊவா மாகாணச் சுகாதாரப் பணிப்பாளர்களுக்கும் மயக்க மருந்து வைத்திய நிபுணர்களுக்கும் வணக்கம்.

மலையக வைத்தியசாலை ஒன்றின் சத்திரசிகிச்சைக் கூடத்தில் தாதி உத்தியோகத்தராகப் பணியாற்றுகிறேன். நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்புள்ளவர்களுக்கு நாளத்தில் ஏற்றும் மருந்தின் அளவைத் தீர்மானிக்கத் தேவையான விபரங்கள், தமிழ் மட்டுமே பேசும் நோயாளரிடமிருந்து முழுமையாகப் பெறப்படுவதில்லை என்பதையே இம்மடலில் முன்வைக்கிறேன்.

கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர், சிங்களத்தில் கேட்கப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் தலையசைத்தார். அவர் இரத்தச் சுத்திகரிப்புக்கு (டயலிசிஸ்) போய்வருபவர் என்பது, பையிலிருந்த கிளினிக் கொப்பியை நான் புரட்டியபோதுதான் தெரிந்தது. அதற்குள் மோர்பின் என்ற வலிநீக்கி ஏற்றப்பட்டிருந்தது. அன்றிரவு முழுவதும் அவருடைய மூச்சை எண்ணிக்கொண்டு கட்டிலருகே இருந்தேன். அவர் தேறிவிட்டார், என் பதற்றம் இன்னும் தீரவில்லை.

"சிறுநீரக நோயாளி, எல்லாவற்றையும் குறைத்துக் கொடுங்கள்" என்பது போதாது. மோர்பினை ஈரல் மாற்றினாலும், அதிலிருந்து உருவாகும் வீரியமான விளைபொருளைச் சிறுநீரகமே வெளியேற்ற வேண்டும். அது தேங்கினால், சத்திரசிகிச்சை முடிந்து பல மணித்தியாலங்களின் பின், விடுதியில் எவரும் எதிர்பாராத வேளையில் மூச்சு மந்தமாகலாம். பெதிடின் என்ற மற்றொரு வலிநீக்கியின் விளைபொருள் தேங்கினால் வலிப்பு வரலாம். மயக்கமூட்டும் மருந்தான தயோபென்டோனின் பெரும்பகுதி இரத்தப் புரதத்தில் பிணைந்திருப்பது. யூரியா ஏறிய உடலில் அப்பிணைப்புத் தளர்ந்து, வேலைசெய்யும் பிணையாத பகுதி கூடுவதால் வழமையான அளவே மிகையாகிவிடுகிறது. மயக்கமூட்டும் இன்னொரு மருந்தான புரொபோபோல் அப்படியன்று: சிறுநீரகம் பழுதடைந்தாலும் அது உடலில் பெரிதாகத் தேங்குவதில்லை, இரத்தச்சோகையுள்ள சிலருக்கு மயக்கமடையச் சற்றுக் கூடுதலாகவே தேவைப்படலாம். ஆயினும் அன்று காலைதான் சுத்திகரிப்பில் நீர் இறக்கப்பட்டவருக்கு அதை வேகமாக ஏற்றினால் இரத்த அழுத்தம் சடுதியாக விழும்.

ஆகவே, கடைசிச் சுத்திகரிப்பு எப்போது, அதன்பின் நிறை எவ்வளவு, நாளொன்றுக்கு எவ்வளவு சிறுநீர் போகிறது, பிஸ்டுலா (சுத்திகரிப்புக்காகச் சத்திரசிகிச்சையால் இணைத்த இரத்தக்குழாய்) போட்ட கை எது (அக்கையில் ஊசியோ அழுத்தப் பட்டியோ கூடாது) என்பவற்றைத் தமிழிலேயே கேட்டு எழுதும் ஒரு பக்கப் படிவத்தை அச்சிட்டு, ஒவ்வொரு சிறுநீரகக் கிளினிக்கிலும் நோயாளரின் கொப்பியோடு இணைத்துவிடுங்கள். தமிழ் 1987ஆம் ஆண்டின், இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்திலிருந்து அரசகரும மொழியாகவும் இருப்பதால், இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மோர்பின் ஏற்றப்பட்டவரின் மூச்சை இரவு முழுவதும் கவனிக்கும்படி விடுதித் தாதியருக்கு எழுத்தில் பணிப்புரையும் வழங்குங்கள். படிவத்தின் முதல் வரைவை எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

மரியாதையுடன்,
மலையகத் தாதி உத்தியோகத்தர் ஒருவர்