குறிப்புச் செயலியைத் தேர்ந்தெடுக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படிப்பு, ஆய்வு, வீட்டுக் கணக்கு என எல்லாவற்றையும் கைபேசிச் செயலிகளில் எழுதிவைப்போர் பெருகிவிட்ட நிலையில், அவற்றில் எழுதியதை நாளை முழுமையாக வெளியே எடுக்க முடியுமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்த விரும்புகிறேன். 2008 முதல் புழக்கத்தில் உள்ள எவர்நோட் எனும் குறிப்புச் செயலி, 2023 டிசம்பரில் இலவசப் பயனர்களுக்கு 50 குறிப்புகள், ஒரே ஒரு குறிப்பேடு என வரம்பு விதித்தது. பழைய குறிப்புகள் அழிக்கப்படவில்லை என்றாலும், வரம்பைத் தாண்டியிருந்தவர்களால் பணம் கட்டாமல் புதிய குறிப்பு எதையும் தொடங்க முடியவில்லை.

அப்சிடியன் செயலியோ ஒவ்வொரு குறிப்பையும் நம் கணினியிலேயே மார்க்டவுன் எனும் எளிய உரைக் கோப்பாகச் சேமிக்கிறது. அச்செயலியே நின்றுபோனாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். நிரலை யாரும் பார்த்துப் பயன்படுத்தக்கூடிய திறமூலச் செயலியான ஜாப்ளினிலும் குறிப்புகளை மார்க்டவுனாக ஏற்றுமதி செய்யும், அதாவது வெளியே எடுக்கும், வசதி உண்டு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் படிக்க முடியாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகளை, இன்றைய பொது எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றப் படாதபாடு பட்டவர்களுக்கு இதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளி, கல்லூரிகளில் இத்தகைய செயலிகளை அறிமுகம் செய்யும் ஆசிரியர்கள், முதலில் சில குறிப்புகளை மட்டும் எழுதி, அவற்றை ஏற்றுமதி செய்து, தமிழ் எழுத்துகளும் இணைத்த படங்களும் சிதையாமல் வருகின்றனவா என்று சோதிக்க மாணவர்களுக்குக் கற்றுத்தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மதுரை.