இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. அறிவியல் கண்காட்சி, விளையாட்டு விழா, பேச்சுப் போட்டி எல்லாவற்றிலும் நம் மாணவர்கள் வழக்கம்போல் உற்சாகமாகப் பங்கேற்றார்கள். பரிசு பெற்றவர்களின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. அனைவருக்கும் வாழ்த்துகள்.

அடுத்து, பள்ளிக்கு முன்னால் உள்ள நாற்சந்தியில் சிவப்பு விளக்கைத் தாண்டும் வண்டிகளைப் படம் பிடிக்கும் கேமரா. காலை எட்டு மணி முதல் எட்டரை வரை அதை நிறுத்திவைக்கும்படி போக்குவரத்துக் காவல்துறைக்குப் பள்ளி எழுத வேண்டும் என்று பெற்றோர் சிலர் மனு கொடுத்திருக்கிறீர்கள். முழுவதும் படித்தேன். ஒளிந்திருந்து படம் பிடிக்கிறார்கள் என்பது அதில் ஒரு குறை. கேமரா உள்ள இடத்துக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்று 2021இல் விதி வந்தது. இங்கும் மருந்துக்கடைக்கு எதிரே பலகை இருக்கிறது. வண்டியை ஓட்டியவர் ஒருவர், அபராதக் குறுஞ்செய்தி போனது மாமனாருக்கு என்பது இன்னொரு குறை. கேமரா படிப்பது நம்பர் பிளேட்டை. வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் சலான், அதாவது அபராதச் சீட்டு, போகும். வீட்டுக்குள் அதனால் எழும் பேச்சுக்குப் பள்ளி பொறுப்பேற்க முடியாது.

சில சலான்கள் தவறாக வந்திருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. ஆம்புலன்சுக்கு வழிவிடக் கோட்டைத் தாண்டியிருந்தாலோ, காவலரே கைகாட்டி அனுப்பியிருந்தாலோ, எண்ணைக் கேமரா மாற்றிப் படித்திருந்தாலோ, அரசின் இ-சலான் இணையதளத்தில் முறையிடலாம். வாட்ஸ்அப்பில் சலான் என்ற பெயரில் ஏபிகே கோப்பு (போனில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தால் மட்டும் தொடாதீர்கள், அது பணம் பறிக்கும் மோசடி.

ஆனால், நீங்கள் கேட்ட கடிதத்தை நான் எழுத மாட்டேன்.

காலையில் அந்தச் சிக்னலில் நடப்பதைச் சற்று நின்று பார்த்தால் காரணம் புரியும். நமக்குச் சிவப்பில் இன்னும் மூன்று வினாடி இருக்கிறது என்று எண் காட்டும்போதே முன்வரிசை ஸ்கூட்டர்கள் நகரத் தொடங்கிவிடுகின்றன. அதே நேரத்தில் குறுக்குச் சாலையில் மஞ்சள் முடிந்த பிறகும் நுழைந்துவிடலாம் என்று ஒருவர் வேகத்தைக் கூட்டுகிறார். இருவரும் சந்திக்கும் இடம் நாற்சந்தியின் நடு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் கடந்துவிடும். பிரேக்கை மிதிக்க வேண்டும் என்று மூளைக்குத் தோன்றவே அந்த ஒரு வினாடி போய்விடும். மோதலும் பக்கவாட்டில் நிகழ்கிறது. காரிலாவது நடுவில் ஒரு கதவு உண்டு. ஸ்கூட்டரில் முன்னால் நிற்கும் குழந்தைக்கு என்ன இருக்கிறது? (நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் தலைக்கவசம் கட்டாயம் என்பதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும்.)

2022இல் நாட்டிலேயே அதிகமாக, 64,105 சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் அபாயகரமாக ஓட்டுவது எது என்று விளக்கும்போது முதலில் சொல்வதே சிவப்பு விளக்கைத் தாண்டுவதைத்தான். முதல் குற்றத்துக்கே சிறை விதிக்கவும் அதில் இடமிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கேமராவை நெருங்கும்போது பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கையால் நம்பர் பிளேட்டை மறைக்கச் சொல்கிறார்கள் சிலர். ஓடும் வண்டியில் ஒரு கையை விட்டுவிட்டு, பின்பக்கம் சாய்ந்து, தகட்டை மூடுகிறது அந்தப் பிள்ளை. வேறு சிலர் புத்தகப் பையைத் தகட்டின் மேல் தொங்கவிடுகிறார்கள். இதை எந்த அவசரத்தின் பெயராலும் என்னால் ஏற்க முடியாது. இனி பள்ளி வாசலில் அப்படி ஒரு வண்டி கண்ணில் பட்டால், பெற்றோரை என் அறைக்கு அழைத்துப் பேசுவேன். யுகேஜி வகுப்பில் பிள்ளைகள் வண்டி ஓட்டி விளையாடுகிறார்கள். சிவப்பு அட்டையைக் காட்டியதும் ஒரு சிறுவன் இருபுறமும் பார்த்துவிட்டு, “போலீஸ் இல்லை, போ” என்றானாம். ஆசிரியை சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் அவசரத்துக்கு எட்டரை மணிக்கு மூடப்படும் எங்கள் வாசலும் ஒரு காரணம் என்று மனுவில் எழுதியிருந்தீர்கள். அது நியாயம். விடுமுறைக்குப் பிறகு 8.45 வரை வரும் பிள்ளைகளின் நாட்குறிப்பில் தாமதம் என்று எழுதப்படாது. பிரார்த்தனைக் கூட்டம் முடியும்வரை நூலகத்தில் அமர்ந்திருக்கலாம். வேன் ஓட்டுநர்களிடமும் இதைச் சொல்லியாயிற்று.

பின்னாலிருந்து ஹாரன் அடித்தாலும் அசையாமல் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கும் பெற்றோர் நம்மிடையே நிறையவே இருக்கிறார்கள். அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. மனு கொடுத்தவர்களுக்கும் நன்றி. நேரில் பேச விரும்பினால் மாலை நான்கு மணிக்கு மேல் வாருங்கள்.

விளையாட்டு விழாவில் பிள்ளைகள் விட்டுச்சென்ற தண்ணீர் பாட்டில்களும் ஒற்றைக் காலணிகளும் அலுவலகத்தில் குவிந்திருக்கின்றன. விடுமுறைக்கு முன் வந்து எடுத்துச்செல்லவும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்