பிளானை மாற்றுவதற்கு முன்னால், பாப்பா

பாப்பா,

உன் ரூமில் மீட்டிங் தடங்குகிறது என்று வீட்டு நெட்டை 300 எம்பிபிஎஸ் (நொடிக்கு 300 மெகாபிட்) வேகப் பிளானுக்கு மாற்றப்போவதாக மாப்பிள்ளை போனில் சொன்னார். கொஞ்சம் பொறுங்கள். அப்பா கோவில்பட்டியில் ஊருக்கெல்லாம் கேபிளும் நெட்டும் கொடுத்துக்கொண்டு இருக்கும்போது, நீ பள்ளிக்கரணையில் உட்கார்ந்து மாசாமாசம் தெண்டக் காசு கட்டினால் எனக்கு எப்படி இருக்கும்? இப்போது வருகிற 100 உங்களுக்குத் தாராளம். ஒரு வீடியோ மீட்டிங்குக்கு 4, 5 போதும், டிவியில் 4கே படம் ஓடினாலும் 25 பக்கத்தில்தான் இழுக்கும். நீங்கள் ரெண்டு பேரும் மீட்டிங்கில் இருக்க, அத்தை ஹாலில் சீரியல் பார்த்தாலும் பாதி லைன் சும்மாதான் கிடக்கும். லைன் சும்மா கிடக்கும்போதே உன் ரூமில் குரல் உடைந்து உடைந்து வருகிறது என்றால், வாசல் வரைக்கும் வருவது சரியாகத்தான் வருகிறது, வாசலில் இருந்து உன் மேஜைக்கு வருவதுதான் வரவில்லை. 300 வாங்கினாலும் அதே கதைதான்.

சந்தேகம் இருந்தால் லேப்டாப்பை லேன் கேபிள் போட்டு நேராக வைஃபை பெட்டியிலேயே செருகி ஸ்பீட் டெஸ்ட் எடு. 90க்கு மேல் காட்டினால் கம்பெனிக்காரன் மேல் குற்றமில்லை. கேபிளிலேயே 20, 30தான் வருகிறது என்றால் அப்போது கூப்பிட்டுச் சண்டை போடு, நியாயம் உன் பக்கம். அப்புறம் மாப்பிள்ளை, 100 என்று சொல்லிவிட்டு டவுன்லோடு 12தான் காட்டுகிறது என்று கோபப்பட்டாரே, அது மெகாபைட்டு. பிளானில் சொல்வது மெகாபிட். 8ஆல் வகுத்துப் பார்க்கச் சொல், 12.5 வரும். அவரை யாரும் ஏமாற்றவில்லை.

வீடியோ காலில் உனக்குப் பின்னால் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். பால்கனி வழியாக ஃபைபரை உள்ளே இழுத்து, முதலில் கிடைத்த மூலையில் டிவி ஸ்டாண்டுக்குக் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எல்லா ஊரிலும் அப்படித்தான், வைக்கிறவனுக்கு வேலை சீக்கிரம் முடியும். பக்கத்திலேயே இரும்பு பீரோ, அதில் ஆள் உயரக் கண்ணாடி வேறு. இரும்பும் சரி, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற பூச்சும் சரி, சிக்னலை அந்தப் பக்கம் விடாது. அதைத் தாண்டினால் ஃபிரிட்ஜ், அதற்கப்புறம் டைல்ஸ் ஒட்டி உள்ளே தண்ணீர்க் குழாய் ஓடுகிற பாத்ரூம் சுவர், அதற்கும் பின்னால்தான் நீ. பாதி சிக்னல் பால்கனி வழியாக எதிர் ஃபிளாட்டுக்குத்தான் போய்க்கொண்டிருக்கும்.

முதல் வேலையாகப் பெட்டியை அங்கிருந்து எடுத்து, ஹாலும் பெட்ரூம் வழியும் சேருகிற இடத்தில், தலை உயரத்துக்கு மேலே திறந்தாற்போல் வை. ஆன்டெனா இருந்தால் நேராக நிமிர்த்தி வை, அது பக்கவாட்டில்தான் பரப்பும், நுனி பார்க்கிற திசையில் இல்லை. ஆனால் அந்த மெல்லிய ஃபைபர் வயரை மட்டும் நீயாகக் கழற்றாதே, இழுக்காதே. உள்ளே ஓடுவது வெளிச்சம். விரலில் சுற்றுகிற மாதிரி இறுக்கிச் சுற்றினால் வளைவிலேயே வெளிச்சம் கசிந்துவிடும். வெளிச்சத்தை அளக்கிற பவர் மீட்டரில் மைனஸ் 19, 20 காட்டுகிற லைன் (மைனஸ் எண் ஏற ஏற வெளிச்சம் குறைவு), வளைத்து மடக்கி ஆணிக்குப் பின்னால் செருகியதால் மைனஸ் 28க்குப் போய் நின்றதை நம்ம ஏரியாவில் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். லாஸ் என்கிற சிவப்பு லைட் எரிந்தால் புரிந்துகொள், வயரில்தான் கோளாறு. நீளம் பத்தவில்லை என்றால் அவர்களையே கூப்பிட்டு நீளமான பேட்ச் கார்டு (ரெண்டு முனையிலும் பிளக் உள்ள ஃபைபர் வயர்) போடச் சொல், பெரிய செலவில்லை.

பெட்டியின் செட்டிங்குக்குள் போனால் ரெண்டு பேண்ட், அதாவது அலைவரிசை, இருக்கும்: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். 2.4 சுவரைத் தாண்டி தூரம் போகும், ஆனால் வேகம் கம்மி, நெரிசலும் அதிகம். உன் அபார்ட்மென்டில் இருக்கிற எல்லா வீட்டு வைஃபையும் அங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கும், போதாததற்கு மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைதான். 5 வேகமானது, ஆனால் ரெண்டு சுவரிலேயே களைத்துவிடும். டிவியும் ஹாலில் இருக்கிற போன்களும் 5இல் இருக்கட்டும். 2.4இல் சேனலை (அலைவரிசைக்குள் இருக்கிற தனிப் பாதை) ஆட்டோவில் விடாமல் 1, 6, 11 இந்த மூன்றில் எது காலியோ அதில் வை. இடையில் 3, 4 என்று வைத்தால் ரெண்டு பக்கத்துக்காரர்களோடும் மோதும். எது காலி என்று காட்ட போனிலேயே இலவச ஆப் இருக்கிறது. அதிலேயே உன் மேஜையில் சிக்னலையும் பார். இங்கேயும் மைனஸ் எண் ஏற ஏற சிக்னல் குறைவு. மைனஸ் 65க்குள் இருந்தால் மீட்டிங் தடங்கல் இல்லாமல் ஓடும், மைனஸ் 75ஐத் தாண்டினால் இப்போது நீ படுகிற பாடுதான்.

இவ்வளவும் செய்து பின் ரூமுக்கு எட்டவில்லை என்றால் (எனக்கென்னவோ எட்டாது என்றுதான் தோன்றுகிறது, அந்த பாத்ரூம் சுவர் அப்படி) ரிப்பீட்டர் வாங்கப் போகாதே. விலை குறைந்த ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும், வேகம் பாதியாகிவிடும். அதையும் எல்லோரும் சிக்னல் வராத ரூமிலேயே கொண்டுபோய்ச் செருகுவார்கள், வராத சிக்னலை அது எதை வைத்துத் திருப்பி அனுப்பும்? மெஷ் செட், அதாவது ரெண்டு மூன்று பெட்டி சேர்ந்து ஒரே வைஃபையாக ஓடுவது, நல்ல சாமான்தான், மாடி வீடு என்றால் நானே வாங்கச் சொல்வேன். ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்டுக்கு அத்தனை ஆயிரம் தேவையில்லை.

முந்தின வீட்டில் வாங்கிய ரவுட்டர் பரணில் கிடக்கிறதே, அது போதும். ஹாலில் இருந்து உன் ரூம் வரை ஒரு கேட் 6 கேபிள் இழுத்து, அதை அங்கே ஆக்சஸ் பாயின்டாக, அதாவது கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்புகிற பெட்டியாகப் போட்டுவிடலாம். அந்த மோட் இல்லாத மாடல் என்றால் டிஹெச்சிபியை (போன், லேப்டாப்புக்கு நெட்வொர்க் முகவரி கொடுக்கிற வசதி) அணைத்து, ரவுட்டரின் சொந்த முகவரியை மெயின் பெட்டியோடு மோதாமல் மாற்றி, கேபிளை வெளி லைனுக்கான வேன் போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருக வேண்டும். பெயரும் பாஸ்வேர்டும் ஹாலில் இருப்பதே இருக்கட்டும், சேனல் மட்டும் வேறு.

கேபிளுக்குப் பிளக் மட்டும் அங்கே யாரையாவது வைத்து அடிக்காதே. உள்ளே நாலு நிற ஜோடி வயர் இருக்கும். ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் சரியாக உட்கார்ந்தாலே லைட் எரிந்து 100 வரைக்கும் ஓடிவிடும். நீலமோ பழுப்போ பிளக்குக்குள் தொடாமல் நின்றால் ஒருத்தருக்கும் தெரியாது. பின்னாளில் பிளானை ஏற்றினாலும் 100க்கு மேல் வரவே வராது, நீயும் கம்பெனியைத் திட்டிக்கொண்டே இருப்பாய். நான் அடித்துக்கொடுத்து, டெஸ்டரில் 8 லைட்டும் வரிசையாக எரிந்தால்தான் சுவரில் கிளிப் அடிப்பேன்.

கரண்ட் போனால் நெட்டும் போகிறது என்றாயே, 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கிக்கொள், அடாப்டரின் ஆம்பியரைப் பார்த்து வாங்கு. எதிர் வீட்டுப் பையனுக்குக் கொடுத்த பாஸ்வேர்டையும் மாற்றிவிடு, கேட்டால் அப்பா மாற்றிவிட்டார் என்று சொல்.

அம்மாவும் நானும் வருகிற மாசம் அங்கே வருகிறோம். கிரிம்பிங் டூல், கேபிள், கிளிப் எல்லாம் நான் எடுத்து வருகிறேன். அதற்குள் நீ ஹாலில் இருந்து கதவு நிலை ஓரமாக உன் மேஜை வரை டேப் வைத்து அளந்து அனுப்பு. நிலையில் ஆணி அடிக்க ஹவுஸ் ஓனர் சம்மதிப்பாரா என்றும் கேட்டு வை, மாட்டேன் என்றால் ஒட்டுகிற கேசிங் வாங்கி வருகிறேன்.

அப்பா