ஏரோட்ரெயின் ஓடாத வண்டி இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த அதிவேக ரயில் கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் பிரெஞ்சுப் பொறியாளர் ழான் பெர்த்தனின் ஏரோட்ரெயினை ‘தோல்வியடைந்த சோதனை’ என்று ஒரே வரியில் முடித்ததைப் படித்து மனசு கேட்கவில்லை.

அந்த வண்டிக்குச் சக்கரமே கிடையாது. கான்கிரீட் பாதைமேல் காற்றை அழுத்தமாக ஊதி, அந்தக் காற்று மெத்தையில் மிதந்தபடி ஓடும், பாதையின் நடுவில் எழும்பி நிற்கும் சுவர் வண்டியை விலகாமல் பார்த்துக்கொள்ளும். 1965 டிசம்பரில் பாரிஸுக்குத் தெற்கே 6.7 கிலோமீட்டர் பாதையில் சிறிய மாதிரி வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். அப்புறம் ஓர்லியானுக்கு வடக்கே தூண்கள்மேல் 18 கிலோமீட்டர் பாதை போட்டு, அதில் 1974 மார்ச் 5 அன்று, 80 பேர் உட்காரக்கூடிய வண்டி மணிக்கு 430 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. இதையா தோல்வி என்பது?

பெர்த்தன் முன்பு வேலை பார்த்த ஸ்னெக்மா என்ற விமான எஞ்சின் நிறுவனத்தையும் சொல்லியிருக்கலாம். இறக்கையே இல்லாமல் ஒரு ஜெட் எஞ்சினை நட்டுக்குத்தலாக நிறுத்தி, 1957இல் ஆளோடு மேலே கிளப்பிக் காட்டினார்கள். அடுத்து அவர்கள் செய்த, வளைய இறக்கை வைத்த கொலியோப்டர் விமானம், 1959 ஜூலையில் நிமிர்ந்த நிலையிலிருந்து கிடைநிலைக்குத் திரும்பும்போது விழுந்து நொறுங்கியது, விமானி குதித்துத் தப்பினார். காற்றைக் கீழே தள்ளி எடையைத் தூக்குவது என்ற ஒரே எண்ணம்தான் விமானத்திலும் ரயிலிலும் இருக்கிறது.

சரி, ஏரோட்ரெயினில் குறையே இல்லையா? இருந்தது. ரயில்வேயில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், அந்தச் சுவர் வைத்த பாதையில் பாயிண்ட் மாற்றுவது, அதாவது வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்குத் திருப்புவது, லேசான காரியம் இல்லை, பழைய தண்டவாளமும் ஸ்டேஷனும் அதற்கு உதவாது, வண்டியின் டர்பைன் எஞ்சின் குடிக்கும் எண்ணெயோ 1973க்குப் பிறகு விலை ஏறிவிட்டது. தண்டவாளத்தில் ஓடும் பிரெஞ்சு அதிவேக ரயிலான டிஜிவிக்கு முதல் இரண்டு தொல்லையும் இல்லை. ஆனாலும் பாரிஸ் பக்கம் லா தெஃபான்ஸ்–செர்ஜி இடையே ஏரோட்ரெயின் பாதைக்கு 1974 ஜூன் 21 அன்று கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜூலை 17 அன்றே ரத்து செய்தார்கள், இடையில் ஒரு மாதம்கூட இல்லை. அடுத்த வருஷம் டிசம்பரில் பெர்த்தன் இறந்துவிட்டார்.

கைவிட்டார்கள் என்று எழுதுங்கள், அது உண்மை. ஓர்லியான் பக்கம் அந்தக் கான்கிரீட் தூண்கள் பெரும்பாலும் இன்னும் நிற்கின்றன, அடுத்த இதழில் அதன் படம் ஒன்று போட முடியுமா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், திருச்சி